நம் ஊரை நம் பிள்ளைகள் எண்ணி வரையட்டும்

சேந்தமங்கலம், கொல்லிமலை வட்டாரங்களின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு,



பள்ளிக் கண்காட்சி என்றால் என்னைப் போன்ற பழைய மாணவர்களையும் மறக்காமல் கூப்பிடுகிறீர்கள். மகிழ்ச்சியோடு வருகிறோம். வந்து பார்த்தால் சுவர் நிறைய சார்ட்டுகள். சூரியக் குடும்பம், நீர்ச் சுழற்சி, இதயத்தின் அமைப்பு, ஊட்டச்சத்துப் பிரமிடு. வண்ணத்துக்கும் குறைவில்லை, பிள்ளைகளின் உற்சாகத்துக்கும் குறைவில்லை. பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் "இதை எங்கேயிருந்து எடுத்தாய்?" என்று கேட்டால் ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படத்தாளைச் சொல்கிறது, அல்லது கணினி மையத்தில் எடுத்த பிரிண்டைச் சொல்கிறது. இப்போது அதுவும் இல்லை. அப்பாவின் போனில் கேட்டால் நொடியில் படம் வந்துவிடுகிறது. அத்தனை சார்ட்டுகளில் அந்தப் பிள்ளை தானே எண்ணிய எண் ஒன்றுகூட இல்லை. சேந்தமங்கலமும் இல்லை, காரவள்ளியும் இல்லை, செம்மேடும் இல்லை. எந்த ஊர்ச் சுவரில் மாட்டினாலும் பொருந்தக்கூடிய சார்ட்டுகள் அவை.

இதை உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நான் செய்தித்தாளுக்கு வரைபடம் போட்டுப் பிழைப்பவன். தேர்தல் முடிவு, பட்ஜெட் கணக்கு, மழை அளவு, கொரோனா காலத்தில் தினசரித் தொற்று எண்ணிக்கை என்று எண்களை வாங்கிப் படமாக்கித் தருவது என் வேலை. தகவல் வடிவமைப்பு என்று இதற்குப் பெயர் வைத்து, பெங்களூரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் முதுகலைப் படிப்பாகவே நடத்துகிறார்கள். ஊரை விட்டுப் போய், வேலையில் சேர்ந்த பிறகு தட்டுத்தடுமாறித்தான் இதை நான் கற்றேன். ஒரு பென்சிலும் ஒரு கட்டம் போட்ட நோட்டும் இருந்தால் 11 வயதிலேயே கற்றிருக்கலாம் என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. அதனால்தான் இந்த மடல்.

பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே புள்ளியியல் வந்துவிடுகிறது. நேர்க்கோட்டுக் குறிகள் போட்டு எண்ணுவது, பட விளக்கப்படம், பட்டை விளக்கப்படம் எல்லாம் அங்கே இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் வட்ட விளக்கப்படமும் நிகழ்வுச் செவ்வகமும். ஆனால் அந்தப் பாடத்தை நாம் எப்படி முடிக்கிறோம்? எண்கள் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். அளவுத்திட்டமும் சில சமயம் கொடுக்கப்பட்டிருக்கும். பிள்ளை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் முழு மதிப்பெண். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்படி எண்ணுவது, எண்ணியதில் எதை விடுவது, யார் படிப்பதற்காக வரைவது என்ற ஐந்தும் இந்தத் தொழிலின் பாதிக்கு மேற்பட்ட வேலை. அந்த ஐந்தையும் புத்தகமே செய்து முடித்துவிடுகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது கோடு போடும் வேலை மட்டும்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. எண்களின் சுமையை இந்த வட்டாரத்தில் உங்களைவிட அதிகம் சுமப்பவர் யார்? வருகைப் பதிவு, எமிஸ் தளத்தில் பதிவேற்றம், சீருடை, புத்தகம், உயரம், எடை என்று தினமும் எத்தனை கட்டங்களை நிரப்புகிறீர்கள்! சிக்னல் கிடைக்காத மலைப் பள்ளியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஆசிரியரை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் ஏற்றும் எண்கள் எல்லாம் மேலே போகின்றன. அவற்றில் ஒன்றாவது ஒரு படமாகி, "உங்கள் பள்ளியில் இந்த மாதம் நடந்தது இது" என்று உங்கள் மேசைக்குத் திரும்பி வந்ததுண்டா? கொடுப்பவருக்குத் திரும்பி வராத எண் எவ்வளவு சலிப்பு தரும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மலைமேல் இருக்கும் மக்களுக்கு அந்தச் சலிப்பு தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். கொல்லிமலையின் 14 ஊராட்சிகளிலும் கணக்கெடுக்காத துறை இல்லை. மக்கள்தொகை, ரேஷன், காடு, நிலம், ரத்தசோகை, பள்ளி இடைநிற்றல் என்று கேள்வித்தாளோடு வந்தவர்கள் ஏராளம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே சிறுதானியங்களைக் காக்கும் வேலையைச் செய்திருக்கிறது. அழியவிருந்த பல விதைகள் பிழைத்ததில் அந்த உழைப்புக்கும் மலைவாழ் பெண்களுக்கும் பங்கு உண்டு, அதை மதிக்கிறேன். வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து, சாமையும் தினையும் விளைந்த நிலம் குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, மாறிய கதையை எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. வளப்பூர் நாட்டிலோ தின்னனூர் நாட்டிலோ எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தன் மலையைப் பற்றி உலகம் என்ன அட்டவணை போட்டு வைத்திருக்கிறது என்பதை அறியாமலே பள்ளியை முடித்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய நிகழ்வை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1900-இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் தம் மாணவர்களோடு சேர்ந்து சுமார் 60 விளக்கப்படங்களைக் கையால் வரைந்து அங்கே அனுப்பினார். அடிமை முறை ஒழிந்து 35 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கறுப்பின மக்களைப் பற்றி அதுவரை பெரும்பாலும் பிறர்தான் எழுதினார்கள், பிறர்தான் எண்ணினார்கள். அந்த மாணவர்கள் தங்கள் மக்களின் நிலம் எவ்வளவு, எழுத்தறிவு எவ்வளவு, என்ன தொழில் என்று தாங்களே வரைந்தார்கள். அவற்றில் ஒரு படம் என் மனத்தை விட்டு நீங்காது. ஜார்ஜியாவின் கறுப்பினக் குடும்பங்களிடம் இருந்த வீட்டுச் சாமான், அடுக்களைச் சாமான் ஆகியவற்றின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு எப்படி ஏறியது என்பதைச் சுருள் சுருளாகப் போகும் வண்ணப் பட்டைகளில் காட்டியிருப்பார்கள். நாற்காலி, பானை, கட்டில்! அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சட்டிபானையை எண்ணி உலகின் முன்னால் வைத்தார்கள். கணினி இல்லை, மையும் தூரிகையும்தான். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் என் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பாடம் படிக்கிறோம்.

கொல்லிமலைப் பிள்ளைகளுக்கும் மலையடிவாரப் பிள்ளைகளுக்கும் அப்படி எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றைச் சொல்கிறேன். மலைமேல் பாட்டிமார் விதைத்த சாமையில் மட்டும் எத்தனை ரகம்! கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை. தினையில் செந்தினை, மூக்கந்தினை. கேழ்வரகில் சுண்டாங்கிக் கேழ்வரகு. ஒரு வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: "நீங்கள் பயிரிட்டவற்றின் பெயர்களைச் சொல்லுங்கள்." பாட்டி ஒருவர், அம்மா அல்லது அப்பா ஒருவர், திருமணமாகாத அண்ணனோ அக்காவோ ஒருவர். தாளின் இடது ஓரத்தில் ரகங்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதட்டும். மூன்று தலைமுறைக்கு மூன்று நிரல். சொன்ன பெயருக்கு நேரே ஒரு புள்ளி. அவ்வளவுதான். புள்ளிகள் இடமிருந்து வலமாகப் போகப் போக எங்கே குறைகின்றன, எந்த வரிசை வெறுமையாகிறது, எந்த இடத்தில் குச்சிக்கிழங்கு மட்டும் நிறைந்து நிற்கிறது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத ஆயாகூடப் பார்த்துச் சொல்லிவிடுவார். "அந்தச் சாமையை நான் எங்க அம்மா வீட்டுல பார்த்ததுதான்" என்று அவர் பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சு எந்த ஆய்வறிக்கையிலும் கிடைக்காது.

அடுத்த வாரம் அதே பிள்ளைகள் சித்திரை முதல் பங்குனி வரை 12 கட்டம் போட்டு, ஒவ்வொரு பயிரும் நிலத்தில் நிற்கும் மாதங்களை நிறம் தீட்டட்டும். சில மாதங்களில் சாமை வீட்டுக்கு வந்துவிடும். குச்சிக்கிழங்கு ஏறத்தாழ வருடம் முழுக்க நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழேயுள்ள ஜவ்வரிசி ஆலைக்கு லாரி ஏறிப் பணமாகத் திரும்பும். எது நல்லது, எது கெட்டது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். குச்சிக்கிழங்குப் பணத்தில்தான் அந்தப் பிள்ளையின் அக்கா கல்லூரிக்குப் போயிருப்பாள். படம் முன்னால் இருந்தால் வகுப்பே விவாதிக்கும்.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஏழு நாளுக்கு ஏழு வரிசை, ஒரு நாளுக்கு 24 கட்டம், மொத்தம் 168 கட்டம். குழாயில் தண்ணீர் வந்த நேரத்துக்கு நீலம் தீட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் அவளுக்கு இது விளையாட்டு. நான்காம் நாள், "மாமா, நான் தூங்கும்போதே வந்துட்டுப் போயிடுது, எப்படி எழுதறது?" என்றாள். "யாருக்குத் தெரியுமோ அவங்ககிட்ட கேளு" என்றேன். அம்மாவிடம் கேட்டு எழுதினாள். பிறகு யாரும் சொல்லாமலே, நீலக் கட்டத்துக்குக் கீழே தண்ணீர் பிடித்தது யார் என்று ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்தாள். 'அ' என்றால் அம்மா, 'அப்' என்றால் அப்பா. வார முடிவில் தாளைப் பார்த்தால் விடியலுக்கு முந்தைய கட்டங்கள் எல்லாவற்றிலும் 'அ'. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு 'அப்'. அந்தத் தாளைக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்த்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் கணவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யார் பிடித்தது என்ற அந்த எழுத்தைச் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே, அதுதான் தகவல் வடிவமைப்பு. அதை நான் கற்றுத் தரவில்லை. எண்ண ஆரம்பித்ததால் அவளுக்கே கேள்வி பிறந்தது.

கற்றுக் கொடுக்க வேண்டியவையும் உண்டு. முதலில் பொய் சொல்லாமல் வரைவது. நாமக்கல் பிள்ளைகளுக்கு முட்டை விலையைவிடப் பழக்கமான எண் எது? ஒரு முட்டை விலை 5 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 20 காசுக்கு ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கி இரண்டு பட்டை போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். உயர்வு நூற்றுக்கு நான்குதான். அதே இரண்டு எண்ணை, அச்சை 4 ரூபாய் 90 காசிலிருந்து தொடங்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது பட்டை முதல் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரமாக நிற்கும். எண்ணில் ஒரு பொய்யும் இல்லை. படம் முழுவதும் பொய். தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் இப்படிப்பட்ட படங்கள் தினமும் வருகின்றன. நம் பிள்ளைகளின் பெற்றோர் அவற்றைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள், மருந்து வாங்குகிறார்கள். இரண்டு விதமாகவும் தன் கையால் வரைந்து பார்த்த பிள்ளையை அடுத்த முறை ஏமாற்ற முடியாது.

பட விளக்கப்படத்திலும் இதே கோளாறு நடக்கும். இரண்டு மடங்கு முட்டை என்று காட்ட, முட்டைப் படத்தையே நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காகப் பெரிதாக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். கண் பரப்பைத்தான் பார்க்கும். வியன்னாவில் 1925-இல் சமூகப் பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கிய ஓட்டோ நொய்ராத் இதற்கு எளிய விதி வைத்திருந்தார்: அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தை இன்னும் சில முறை வரை. தொழிலாளிகளும் அவர்களின் பிள்ளைகளும் படித்துப் புரிந்துகொள்வதற்காகவே அவர் அந்த முறையை உருவாக்கினார். அவரோடு வேலை செய்த மரி ரைடமைஸ்டர் என்ற பெண்ணின் பணி எனக்கு இன்னும் பிடிக்கும். ஆய்வாளர்கள் தரும் எண்களுக்கும் ஓவியர் வரையும் படத்துக்கும் நடுவில் நின்று, எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானிப்பது அவர் வேலை. வகுப்பில் ஓவியம் நன்றாக வரும் பிள்ளையை மட்டும் இதற்குத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். நிறைய யோசித்துக் கேள்வி கேட்கும் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை, வீடு வீடாகப் போய்ப் பேசக் கூச்சப்படாத பிள்ளை எல்லோருக்கும் இங்கே இடம் உண்டு.

வரையும்போது சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபடுத்தாதீர்கள். அந்த இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரியும் பையன் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். எழுத்து தெளிவாகவும் பெரிதாகவும் இருக்கட்டும். எப்போது, யார், எத்தனை பேரிடம் கேட்டு எண்ணியது என்று ஓரத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

எண்ணக் கூடாதவையும் இருக்கின்றன. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் நாம் தவறிவிடக்கூடிய இடம் இது. சாதி, கடன், குடிப்பழக்கம், வீட்டுச் சண்டை, நோய் ஆகியவற்றைப் பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள். 20 வீடு உள்ள குக்கிராமத்தில் 'கழிப்பறை இல்லாத வீடு: 1' என்று எழுதிச் சுவரில் ஒட்டினால் அது புள்ளிவிவரம் இல்லை, அந்த வீட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. எண்ணிக்கை சிறியதாக இருக்கும் இடத்தில் ஊரளவில் சேர்த்துச் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் விட வேண்டும். பெரிய நிறுவனங்களே கவனம் தவறும் இந்த விஷயத்தை நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே கற்றால், நாளைக்கு அவர்கள் எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் மக்களுக்கு நல்லது.

எண்ணக்கூடியவற்றுக்குத் திரும்புவோம். காரவள்ளியிலிருந்து மேலே போகும் பேருந்தில் ஏறும் பிள்ளைகளுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளும் மனப்பாடம். அந்த 70-ஐயே அச்சாக வைத்து ஒரு நீளமான தாள் போடலாம். எந்த வளைவில் காற்று குளிர்கிறது, எங்கே போன் சிக்னல் அறுகிறது, எங்கிருந்து சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி தெரிகிறது, எந்த வளைவில் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். சிரிக்காதீர்கள், மருந்தகமும் பேருந்து நடத்துநரும் அறிந்திருக்க வேண்டிய தகவல் அது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதே முறையில் தங்கள் குக்கிராமத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து நாமக்கல்லுக்கும் போக ஆகும் நேரத்தை வரையட்டும். நம் அரசு வரைபடங்கள் கிலோமீட்டரில் பேசுகின்றன. பிரசவ வலி கண்ட பெண்ணுக்குக் கிலோமீட்டரால் பயனில்லை. எத்தனை மணி நேரம் என்பதுதான் கேள்வி. மழை நாளுக்கு ஒரு நிறம், மழையில்லா நாளுக்கு ஒரு நிறம் வைத்து வரைந்த நேர வரைபடம் ஒன்று மாவட்ட ஆட்சியரின் மேசைக்குப் போனால் அதை அவர் ஒதுக்கிவைக்க முடியாது.

இனி உங்களிடம் என் வேண்டுகோள். 2014-இல் நியூயார்க்கில் இருந்த ஜியார்ஜியா லூபி, லண்டனில் இருந்த ஸ்டெஃபனி போசவெக் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் ஒரு வருடம், வாரம் ஒரு அஞ்சலட்டை, ஆளுக்கு 52 அட்டை என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அந்த வாரம் எத்தனை முறை கடிகாரம் பார்த்தார்கள், யாருக்கு நன்றி சொன்னார்கள், எதைப் பற்றிக் குறைபட்டார்கள் என்று எண்ணி, அட்டையின் ஒரு பக்கத்தில் கையால் வரைந்து, மறுபக்கத்தில் எந்தக் குறிக்கு என்ன பொருள் என்ற விளக்கமும் முகவரியும் எழுதி அனுப்புவது. அந்த அட்டைகளை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இப்போது பாதுகாக்கிறது. நம் ஊரில் அஞ்சலட்டை 50 காசு. மலைமேல் ஒரு பள்ளியும் மலையடியில் ஒரு பள்ளியும் இணை சேருங்கள். செம்மேட்டுப் பிள்ளையும் சேந்தமங்கலத்துப் பிள்ளையும் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரே வாரம் எண்ணட்டும்: இந்த வாரம் எங்கள் வீட்டில் என்ன சமைத்தோம், நான் எத்தனை பறவை பார்த்தேன், என் வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு என்ன விலைக்குப் போனது, மேலே எங்கள் தோட்டத்தில் அதை என்ன விலைக்குக் கேட்டார்கள். அந்த மிளகு அட்டைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் பொருளாதாரப் பாடம் தானாக நடந்துவிடும்.

மலைப் பிள்ளைகளும் சமவெளிப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு மலை என்றால் ஆகாய கங்கை அருவியும் ஆடி மாத வல்வில் ஓரி விழாவும். மேலே இருப்பவர்களுக்குச் சேந்தமங்கலம் என்றால் பேருந்து மாறும் இடம். விடுதியில் சேர்ந்து படிக்க இறங்கி வரும் மலைப் பிள்ளையைக் கேலி செய்வதும் நடக்கிறது. மேலே இருக்கும் பிள்ளை வீட்டில் அந்த வாரம் என்ன சமைத்தார்கள், எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று அவளே வரைந்து அனுப்பியதைக் கையில் வைத்துப் படித்த பிள்ளைக்கு அந்தக் கேலி அவ்வளவு எளிதாக வாயில் வராது.

நேரமில்லை என்பீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் மூவரும் பகிர்ந்துகொள்ளலாம். எண்ணும் வேலை வீட்டுப்பாடமாகவே நடந்துவிடும். கணினி வேண்டுமே என்பீர்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கும் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு பயன்படுத்துங்கள், அதுவரை வேண்டாம். கணினி முதலில் படத்தைக் கொடுத்துவிடுகிறது. பிள்ளை யோசிக்கும் முன்பே வட்டம் வண்ணத்தோடு வந்து நிற்கிறது. கையால் வரையும்போது ஒவ்வொரு கோடும் ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்தாக வேண்டும். எங்களுக்கே இது தெரியாதே என்று நினைப்பவர்கள் பக்கத்து அங்கன்வாடிக்குப் போங்கள். குழந்தையின் எடையைப் புள்ளி வைத்து, பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகளில் எங்கே விழுகிறது என்று தாய்க்குக் காட்டும் வளர்ச்சி வரைபடம் அங்கே இருக்கிறது. பெண் குழந்தைக்கு ஒன்று, ஆண் குழந்தைக்கு ஒன்று. அதை நிரப்பும் பணியாளர் தாயிடம் என்ன சொல்கிறார், எங்கே விரல் வைக்கிறார் என்று பத்து நிமிடம் பாருங்கள். தமிழகக் கிராமங்களில் தொண்டு நிறுவனங்கள் ஊர்மக்களைக் கூட்டி உட்கார வைத்தபோது, கோலமாவிலும் புளியங்கொட்டையிலும் தரையிலேயே ஊர் வரைபடம் போட்டுக் காட்டிய பெண்கள் எத்தனையோ பேர். அந்தக் கைகள் உங்கள் மாணவர்களின் வீடுகளில்தான் இருக்கின்றன. அவர்களையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

அட்டைகள் பள்ளி அலமாரியில் உறங்கக் கூடாது. அவற்றைக் காட்டக் கிராம சபை உண்டு, அது இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அங்கே ஊராட்சியின் வரவு செலவு விவரத்தைப் பிளக்ஸ் அடித்து வைக்கிறார்கள். சிறிய எழுத்தில் நெருக்கமான வரிசைகள், யார் நின்று படிக்கிறார்கள்? ஊராட்சிச் செயலரிடம் அந்த எண்களை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஒரே ஒரு பெரிய தாளில், ஒரு சதுரத்துக்கு 10,000 ரூபாய் என்று தண்ணீர், விளக்கு, சாலை, சம்பளம் வாரியாக அடுக்கி வரையட்டும். பேரூராட்சிக்குள் இருக்கும் பள்ளிகள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையைக் கேட்டுப் பெறலாம்.

இந்தக் கல்வியாண்டில் இரண்டு பள்ளிகள் முன்வந்தால் போதும், ஒன்று மேலே, ஒன்று கீழே. அஞ்சலட்டைக்கும் வண்ணப் பென்சிலுக்கும் ஆகும் செலவை என்னைப் போன்ற பழைய மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். விடுமுறையில் வந்து உங்களோடு உட்கார்ந்து முதல் சில அட்டைகளை வரைந்து காட்டவும் தயாராக இருக்கிறேன். முதல் கேள்வியை மட்டும் நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். அது வெளியிலிருந்து வரக் கூடாது. அக்டோபர் 2 கிராம சபையில் பிள்ளைகளின் தாள்கள் மேசைக்குப் பக்கத்தில் தொங்கட்டும், வரைந்த பிள்ளையே நின்று இரண்டு நிமிடம் விளக்கட்டும். முடிந்ததும் அந்தத் தாளில் இருந்த கேள்வியையும், அதற்குச் சபை சொன்ன பதிலையும் தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரி எழுதும்படி ஊராட்சிச் செயலரிடம் நீங்கள் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்